பாக்கெட்டுக்கு லேசு, கைக்கு பாரம்: சின்ன ரிவால்வர் வாங்கப் போறவங்களுக்கு அடியிலேர்ந்து ஒரு வழிகாட்டி

முதல் ரிவால்வர் வாங்கின வாரம் ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகுற இடம்) போய் அஞ்சே அஞ்சு ரவுண்டு சுட்டேன், ஆறாவது சுட மனசே வரல. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்குற தோல் கிழிஞ்சு லேசா ரத்தம், ரெண்டு நாளைக்கு கீபோர்ட்ல மணிக்கட்டை வைக்க முடியல. கடைக்காரர் விக்கும்போது "பாக்கெட்ல இருக்குறதே தெரியாது"னு சொல்லித்தான் வித்தார், அவர் சொன்னது பொய்யில்ல, பாக்கெட்ல தெரியவே இல்ல, சுடும்போது தான் தெரிஞ்சுது. .357 மேக்னம்ங்கற பலமான தோட்டாவை சுடக்கூடிய, உள்ளங்கைக்குள்ள அடங்குற, அரை கிலோகூட தேறாத ஒரு சாமான். மூணு மாசத்துல நல்ல நஷ்டத்துக்கு வித்துட்டேன்.

நான் இருக்குறது டெக்சஸ்ல, டாலஸ் பக்கம். நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் எல்லாம் வாங்கி செட்டில் ஆயிட்டாங்க, அதுல கேஸ் ஸ்டேஷன், மோட்டல், மெடிக்கல் ஷாப் வச்சு ராத்திரி பன்னெண்டு மணிக்கு கடையை சாத்திட்டு பணப்பையோட கார் வரைக்கும் தனியா நடக்குறவங்களும் இருக்காங்க, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு பார்க்கிங் கராஜ்ல நடக்குற நர்ஸுங்களும் இருக்காங்க. அதுல ஒருத்தி என் பொண்டாட்டி. "சின்னதா ஒன்னு வாங்கலாம்னு இருக்கேன், எது வாங்கலாம்?"னு யாராவது கேட்டா போன்ல முக்கால் மணி நேரம் பேசுறேன், அதையெல்லாம் ஒரே இடத்துல எழுதிடலாம்னு தான் இது.

படி 1: கடைக்கு போறதுக்கு முன்னாடி உங்க பேப்பரைப் பாருங்க

இதுல தான் நம்மாளுங்க பாதி பேர் தடுக்கி விழுறாங்க. ஹெச்-1பி, எல்-1, எஃப்-1, ஹெச்-4, அப்பா அம்மா வர்ற பி-2 இதெல்லாம் நான்-இமிக்ரன்ட் விசா. இந்த விசாவுல வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி பொதுவா தப்பு. செல்லுபடியாகுற ஹன்டிங் லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இருக்கு, ஆனா அதை நம்பி இறங்குறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க. ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து ஒரு ஜாலிக்கு சுடுறதையும் சட்டம் "கையில வச்சிருந்தது"னு தான் பார்க்கும், அதனால ஊர்லேர்ந்து மாமனார் வந்திருக்காரு, ஆசைப்படுறாருன்னு ரேஞ்சுக்கு கூட்டிட்டு போயிடாதீங்க. கிரீன் கார்டு இருந்தா வாங்கலாம், சிட்டிசனா இருந்தா சொல்லவே வேணாம்.

இன்னொன்னு, விசாவுல இருக்குற ஃப்ரெண்டுக்காக நீங்க உங்க பேர்ல வாங்கிக் கொடுக்குறது. அது உதவி இல்ல, ஜெயிலுக்கு போற அளவுக்கு பெரிய ஃபெடரல் குற்றம். கடையில நீங்க நிரப்புற 4473 ஃபார்ம்லயே "நீ தான் உண்மையா வாங்குற ஆளா?"ங்கறது தான் முக்கியமான கேள்வி. அதே ஃபார்ம்ல கஞ்சா பத்தியும் கேள்வி இருக்கு, உங்க ஸ்டேட்ல கஞ்சா லீகலா இருந்தாலும் ஃபெடரல் சட்டத்துக்கு அது கணக்கே இல்லனு அதுலயே அச்சடிச்சு வச்சிருப்பான்.

லைசென்ஸ் உள்ள கடையில கைத்துப்பாக்கி வாங்க 21 வயசு ஆகணும். ஃபார்ம் நிரப்பினதும் என்ஐசிஎஸ் பேக்ரவுண்ட் செக், 1998லேர்ந்து இருக்குற சிஸ்டம், நம்ம பேருக்கெல்லாம் சில சமயம் "டிலே"னு வரும், பயப்படாதீங்க, பேர் குழப்பம் தான் பெரும்பாலும். வேற ஸ்டேட்ல விலை கம்மினு நேரா போய் கைத்துப்பாக்கி வாங்கிட்டு வர முடியாது, உங்க ஸ்டேட்ல இருக்குற டீலருக்கு அனுப்பச் சொல்லி அங்க போய் எடுத்துக்கணும்.

ஸ்டேட்டுக்கு ஸ்டேட் கதை மாறும். நியூ ஜெர்சில ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனி பெர்மிட், இலினாய்ல ஃபாய்டு கார்டு (துப்பாக்கி வச்சுக்க ஸ்டேட் தர்ற அடையாள அட்டை), கலிஃபோர்னியால பரீட்சை எழுதி சர்டிஃபிகேட், அப்புறம் 10 நாள் காத்திருப்பு, அதுவும் அவங்க லிஸ்ட்ல இருக்குற மாடல் மட்டும் தான் கடையில புதுசா கிடைக்கும். நான் கீழ சொல்ற மாடல் உங்க ஸ்டேட்ல விக்குதானு முதல்ல பார்த்துட்டு அப்புறம் ஆசைப்படுங்க. டெக்சஸ்ல 2021 செப்டம்பர் 1லேர்ந்து, 21 வயசு ஆகி, சட்டப்படி தடை இல்லாதவங்க லைசென்ஸ் இல்லாமலே எடுத்துட்டு போகலாம். இருந்தாலும் நான் லைசென்ஸ் எடுத்து வச்சிருக்கேன், ஏன்னா பள்ளிக்கூடத்துலேர்ந்து 1000 அடிக்குள்ள எடுத்துட்டு போற விஷயத்துல ஃபெடரல் சட்டம் ஸ்டேட் லைசென்ஸ் உள்ளவங்களுக்கு விலக்கு தருது, புள்ளைங்களை ஸ்கூல்ல இறக்கி விடுற யாருக்கும் இது பெரிய விஷயம். பக்கத்து ஸ்டேட்டுக்கு போனாலும் லைசென்ஸ் உதவும். கடை வாசல், கோயில் வாசல்ல துப்பாக்கி கூடாதுனு சொல்ற 30.06, 30.07 போர்டு இருந்தா உள்ள கொண்டு போகாதீங்க, சிவப்புல 51 சதவீதம்னு போட்ட பார்னா அந்தப் பக்கமே வேணாம்.

படி 2: அது எங்க இருக்கப் போகுது?

கேள்வி சின்னது தான், இதுக்கு பதில் சொல்லாம வாங்கினவங்க தான் மறுபடி மறுபடி வாங்குறாங்க. வீட்டுல, ராத்திரிக்கு, பீரோ பக்கத்து பெட்டியில மட்டும் தான் இருக்கப் போகுதுன்னா உங்களுக்கு சின்ன ரிவால்வரே வேணாம். 4 இன்ச் பேரல் (குழல்) உள்ள பெரிய ரிவால்வர், ரூகர் ஜிபி100 மாதிரியோ ஸ்மித் அண்ட் வெஸன் 686 மாதிரியோ, அதுல .38ங்கற சாதுவான தோட்டா போட்டு சுட்டா குலுக்கலே தெரியாது, குறி தானா நிக்கும். சின்னதுங்கறது ஒரு சமரசம். மறைச்சு எடுத்துட்டு போறதுக்காக மட்டும் நாம கொடுக்குற விலை. மறைக்க வேண்டிய தேவை இல்லாதவன் ஏன் அந்த விலையைக் கொடுக்கணும்?

தினமும் உடம்போட போகப் போகுதுன்னா, பாக்கெட்லயா, இடுப்புலயா? பாக்கெட்னா 500 கிராமுக்கு மேல போனா பேன்ட் ஒரு பக்கம் இழுக்கும். இடுப்புல நல்ல பெல்ட்டோட போடுறவங்களுக்கு 650 கிராம்கூட கனமே இல்ல. ஹேண்ட்பேக்ல போடுறேன்னு சொல்றவங்களுக்கு: பேகை பிடுங்கிட்டு ஓடினா துப்பாக்கியும் சேர்ந்து ஓடும், சொந்தக்காரங்க வீட்டுல சோஃபா மேல பேகை வச்சா அங்க இருக்குற மூணு வயசு வாண்டு முதல்ல திறக்குறது அந்த ஜிப்பைத்தான்.

ஆட்டோமேட்டிக்கா ரிவால்வரானு கேட்டீங்கன்னா, 9 எம்எம் சின்ன பிஸ்டல்ல தோட்டா அதிகம், சுடுறதும் சுலபம், தோட்டா விலையும் கம்மி. ரிவால்வரோட பலம் வேற இடத்துல. பாக்கெட்டுக்குள்ள நூலும் தூசியும் அடைஞ்சாலும் வேலை செய்யும், ஒரு தோட்டா வெடிக்கலன்னா மறுபடி டிரிகரை இழுத்தா அடுத்தது வந்து நிக்கும், பிஸ்டலோட மேல் பாகமான ஸ்லைடை பின்னாடி இழுக்க முடியாத கை உள்ளவங்களுக்கும் ஆகும், தோட்டா உக்காருற உருளையான சிலிண்டரைத் திறந்தா உள்ள எத்தனை இருக்குனு கண்ணால எண்ணிடலாம். இது போதும்னா மேல படிங்க.

படி 3: எடை. இதை மட்டுமாவது ஒழுங்கா படிங்க

கடையில கேட்டா, முக்கியமா பொண்ணுங்க போய் கேட்டா, கண்ணாடி அலமாரியில இருக்குறதுலயே சின்னது, லேசானது, முடிஞ்சா பிங்க் கலர்ல ஒன்னை எடுத்து வைப்பாங்க. சுடத் தெரிஞ்சவங்களுக்கே கஷ்டமான சாமானை புதுசா வர்றவங்க கையில கொடுக்குற பழக்கம் எங்கேர்ந்து வந்துச்சோ தெரியல.

கணக்கு ரொம்ப சிம்பிள். அதே தோட்டா, அதே வெடிமருந்து, துப்பாக்கி பாதி எடைன்னா அது பின்னாடி வர்ற வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அந்த வேகம் முழுக்க உங்க கைத் தோல்ல தான் வந்து இறங்கும். ஸ்மித் அண்ட் வெஸன் 642, இந்த வகையில ரொம்ப பேர் வச்சிருக்குற மாடல், அலுமினியம் ஃப்ரேம், சுமார் 410 கிராம், பேரல் 1.875 இன்ச், நம்ம தாத்தா கணக்குல சொன்னா ஒன்னே முக்காலே அரைக்கால் இன்ச். இதுல .38 ஸ்பெஷல் சுட்டா "சுருக்"னு இருக்கும், ஒரு பாக்ஸ் 50 சுட்டா போதும்டானு இருக்கும். அதே சைஸ்ல முழு ஸ்டீல்ல வர்ற 640 சுமார் 625 கிராம், அதே தோட்டா அதுல போட்டா வேற துப்பாக்கி மாதிரி இருக்கும். 340பிடினு ஸ்கேண்டியம் ஃப்ரேம்ல ஒன்னு இருக்கு, 330 கிராம் சுமார், அதுல .357. பேரல் மேலயே 120 கிரெய்னுக்கு கம்மியான புல்லட் போடாதேனு எழுதியிருக்கும் (கிரெய்ன்ங்கறது புல்லட் எடைக்கான அளவு). அது டைட்டானியம் சிலிண்டர் சீக்கிரம் அரிச்சுப் போகாம இருக்குறதுக்கு. உதை விஷயம் வேற, அது உதைக்குற உதையில சுடாம மிச்சம் இருக்குற தோட்டாவோட புல்லட் கூட்டை விட்டு முன்னாடி நகர்ந்து வந்து சிலிண்டரையே சுத்த விடாம பண்ணிடலாம். தோட்டாவே தாங்க முடியாத உதையை மணிக்கட்டு தாங்கணும்னு எதிர்பார்க்குறோம்.

எடை கூட இன்னொரு சங்கதி, டிரிகர். சின்ன ரிவால்வரோட டபுள் ஆக்ஷன் டிரிகர் (ஒரே இழுப்புல சிலிண்டரையும் சுத்தி, சுடவும் செய்யுறது) 12 பவுண்டு பக்கம் இருக்கும், அதாவது அஞ்சரை கிலோ. 410 கிராம் சாமானை அசையாம பிடிச்சுக்கிட்டு அதுல அஞ்சரை கிலோ இழுக்கணும், ஒத்தை விரலால. குறி தப்புறது உதையால இல்ல, பெரும்பாலும் இந்த இழுப்புல தான், குண்டு கிளம்புறதுக்கு முன்னாடியே முனை கீழ இடது பக்கம் போயிடும். துப்பாக்கி கொஞ்சம் கனமா இருந்தா இந்த ஆட்டம் தானா அடங்கும்.

அதனால என் கட்சி இது தான்: பாக்கெட்ல தான் போடுவேன்னு உறுதியா இருந்தா 400லேர்ந்து 450 கிராம், அதுக்கு கீழ போகாதீங்க. இடுப்புனா 600லேர்ந்து 700. நாலு இட்லி எடை கூடுதலா தூக்குறதுக்கு பெல்ட் ஒன்னும் கோவிச்சுக்காது.

படி 4: எந்த தோட்டா

.38 ஸ்பெஷல். இதோட நிறுத்திக்கிட்டாலும் பத்துல எட்டு பேருக்கு சரியா இருக்கும். நூறு வருஷத்துக்கு மேல பழசு, எல்லா கடையிலயும் கிடைக்கும். ப்ளஸ் பி னு போட்டிருந்தா கொஞ்சம் அழுத்தம் கூட்டினது, துப்பாக்கி பேரல்லயும் ப்ளஸ் பி னு இருந்தா மட்டும் போடுங்க.

.357 மேக்னம் 1935ல வந்தது, .38ஐ நீட்டி மருந்து கூட்டினது. .357 ரிவால்வர்ல .38 சுடலாம், .38 ரிவால்வர்ல .357 நுழையாது, நுழையக் கூடாதுனு தான் கூட்டையே நீளமா பண்ணினாங்க. ஆனா ரெண்டு இன்ச் பேரல்ல .357 மருந்துல ஒரு பகுதி வெளிய வந்து தான் எரியும், கண்ணு கூசுற தீப்பிழம்பு, காது கிழியுற சத்தம், அந்த அளவுக்கு குண்டுக்கு வேகம் கிடைக்காது. .357 ரிவால்வர் வாங்குறதுல தப்பில்ல, ஃப்ரேம் கொஞ்சம் கெட்டியா இருக்கும், வாங்கி அதுல .38 போட்டு சுடுங்க.

கை வலி உள்ளவங்க, ஆர்த்ரைடிஸ் உள்ளவங்க .32 ஹெச் அண்ட் ஆர் மேக்னம் பாருங்க. 1984ல வந்தது, நடுவுல ஆளே இல்லாம கிடந்தது, இப்ப 432 அல்டிமேட் கேரி மாதிரி மாடல் வந்ததும் மறுபடி உயிர் வந்திருக்கு. அதே சின்ன ஃப்ரேம்ல அஞ்சுக்கு பதிலா ஆறு, உதையும் நல்லாவே கம்மி. குறை என்னன்னா தோட்டா எல்லா கடையிலயும் இருக்காது, விலையும் கூட. .22ஐ பத்தி ஒரு வார்த்தை: உதையே இல்ல, ஆனா ரிம்ஃபயர்ங்கறதால தோட்டாவோட விளிம்பை ஓங்கி அடிக்கணும், அதுக்காக ஸ்பிரிங் கெட்டியா வச்சு டிரிகரும் கனமா தான் இருக்கும், வெடிக்காம போறதும் சென்டர்ஃபயரை (அடி நடுவுல அடிச்சு வெடிக்குற .38 மாதிரி தோட்டா) விட அதிகம். பழகுறதுக்கு அருமை, நம்பி இருக்குறதுக்கு கடைசி சாய்ஸ்.

சரி .38லயே எது? ரெண்டு இன்ச் பேரல்லேர்ந்து போற ஹாலோ பாயின்ட் (நுனியில குழி உள்ள, பட்டதும் விரியுற புல்லட்) நிறைய விரியுறதே இல்ல, வேகம் பத்தல. சின்ன பேரலுக்குனே பண்ணினது ஸ்பீர் கோல்ட் டாட் 135 கிரெய்ன், ஃபெடரல் ஹெச்எஸ்டி 130 கிரெய்ன், ரெண்டுமே ப்ளஸ் பி. உதை தாங்கலன்னா 148 கிரெய்ன் வாட்கட்டர், முன்னாடி தட்டையா, பார்க்க மாத்திரை மாதிரி இருக்கும், டார்கெட் சுடுறவங்க சமாசாரம், விரியாது, ஆனா சாதுவா சுடும், போதுமான ஆழம் போகும். என் பொண்டாட்டி அதைத்தான் போடுறா. நியூ ஜெர்சில இருக்கறவங்க ஹாலோ பாயின்ட் விஷயத்துல அங்க இருக்குற தனிக் கட்டுப்பாடு என்னனு பார்த்துட்டு போடுங்க.

படி 5: ஹேமர் வெளியவா, உள்ளயா

ஹேமர்ங்கறது பின்னாடி இருந்து அடிச்சு தோட்டாவை வெடிக்க வைக்குற சுத்தியல். பாக்கெட்னா உள்ள. வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற ஹேமர் துணியில மாட்டும், அவசரத்துல பாக்கெட்டோட சேர்த்து இழுத்துக்கிட்டு நிப்பீங்க. ஹேமரை கட்டை விரலால பின்னாடி இழுத்து லேசான டிரிகர்ல சுடலாமேனு தோணும், ரேஞ்சுல அது சுகம் தான், ஆனா பதட்டத்துல ஹேமரை இழுத்து வச்சுட்டு, சுடத் தேவையில்லனு ஆனப்புறம் நடுங்குற கையால அதை மெதுவா இறக்கணும் பாருங்க, அது தான் பயம். முடிஞ்சுது இந்த டாபிக்.

படி 6: எந்தெந்த மாடலை கையில எடுத்துப் பார்க்கணும்

ஜே ஃப்ரேம்ங்கறது ஸ்மித் அண்ட் வெஸன் 1950ல சீஃப்ஸ் ஸ்பெஷலோட ஆரம்பிச்ச குடும்பம். 642 வெள்ளி நிறம், 442 அதே சாமான் கருப்பு, ரெண்டும் ஹேமர் உள்ள, அஞ்சு தோட்டா. உறை, கிரிப் (கைப்பிடி), ஸ்பீட்லோடர் (தோட்டா எல்லாத்தையும் ஒரே தடவையில போடுற சாமான்) எல்லாமே இதுக்கு தான் முதல்ல வரும், அந்த ஒரு காரணத்துக்கே வாங்கலாம். பக்கவாட்டுல சின்ன சாவி ஓட்டை உள்ளது, இல்லாதது ரெண்டு வகை இருக்கு, நான் இல்லாததை தான் எடுப்பேன், பூட்டணும்னா பெட்டி இருக்கு. 2024ல வந்த அல்டிமேட் கேரி மாடல்கள்ல நல்ல கிரிப், கண்ணுக்கு தெரியுற சைட் (குறி பார்க்குற முனை) எல்லாம் கம்பெனியே போட்டு கொடுத்துடுறான், காசு இருந்தா நேரா அதுக்கு போயிடலாம்.

ரூகர் எல்சிஆர் 2009ல வந்தது. பாதி பாலிமர், .38ல சுமார் 380 கிராம், பார்க்க விளையாட்டு சாமான் மாதிரி இருக்கும், ஆனா டிரிகர் வழவழனு ஒரே சீரா வரும், ஜே ஃப்ரேம்ல கடைசியில கனக்குற மாதிரி கனக்காது. .357 எல்சிஆர் 480 கிராம் சுமார், அதை வாங்கி .38 போடுறது நிறைய பேர் பண்ற புத்திசாலித்தனம். அதே ரூகர்ல எஸ்பி101 முழு ஸ்டீல், 700 கிராமுக்கு மேல, இடுப்புக்கு தான். டாரஸ் 856ல ஆறு தோட்டா, விலையும் கம்மி, வாங்குறதுக்கு முன்னாடி அந்த குறிப்பிட்ட பீஸை நல்லா சோதிச்சுட்டு வாங்குங்க. கிம்பர் கே6எஸ், புது கோல்ட் கோப்ரா ரெண்டும் ஆறு தோட்டா, 650, 700 கிராம் வாக்குல, தங்கமான டிரிகர், விலையும் தங்கம் மாதிரி தான்.

படி 7: கடையில கவுன்டர் முன்னாடி

வெட்கப்படாதீங்க. கடைக்காரர் சிலிண்டரைத் திறந்து காலியானு காட்டி கொடுப்பார், நீங்களும் ஒரு தடவை ஒவ்வொரு ஓட்டையா பாருங்க. மூடும்போது சினிமால வர்ற மாதிரி மணிக்கட்டை ஆட்டி "டப்"னு மூடாதீங்க, சிலிண்டரைப் பிடிச்சிருக்குற கிரேன் வளைஞ்சுடும், அங்கயே கடைக்காரர் முகம் மாறிடும். ரெண்டு கையால மெதுவா மூடுங்க. "ட்ரை ஃபயர் (தோட்டா இல்லாம டிரிகரை இழுக்குறது) பண்ணலாமா?"னு கேட்டுட்டு, ஆள் இல்லாத சுவர் பக்கம் காட்டி டிரிகரை இழுங்க, பத்து தடவை. விரலோட முதல் மூட்டு வரைக்கும் டிரிகர் மேல வசதியா உக்காருதா, இல்ல எட்டி எட்டி பிடிக்குறீங்களா? ஏழாவது எட்டாவது இழுப்புல விரல் நடுங்குதா? இழுக்கும்போது முனை ஆடுதா? முன் சைட்டுக்கு பின்னாடி பேரல் மேல ஒரு காயினை வச்சு அது விழாம இழுக்க முடியுதானு பார்க்குறது பழைய சோதனை, கடையில கூச்சமா இருந்தா வீட்டுல பண்ணுங்க.

சுண்டு விரல் கிரிப்ல நிக்குதா தொங்குதானும் பாருங்க. தொங்கினா பெரிய ரப்பர் கிரிப் மாத்திக்கலாம், ஆனா அப்ப பாக்கெட்லேர்ந்து வரும்போது ரப்பர் துணியைப் பிடிக்கும். எல்லாமே கொடுக்கல் வாங்கல் தான்.

அப்புறம், வாங்காதீங்க. வீட்டுக்கு போங்க. வாடகைக்கு துப்பாக்கி தர்ற ரேஞ்ச் எந்த ஊர்லயும் ரெண்டு இருக்கும், அங்க போய் நீங்க பார்த்து வச்ச மாடலையும், அதே மாதிரி கனமான ஒன்னையும் எடுத்து, ஒரு பேப்பர் பிளேட்டை 3 யார்டுல, 5ல, 7ல தொங்க விட்டு, ஒவ்வொன்னுலயும் அஞ்சு அஞ்சா சுடுங்க. நான் முதல் தடவை செய்யாம விட்டது இதைத்தான். ரெண்டாவது தடவை பொண்டாட்டியோட போனேன், அவ லேசானதுல அஞ்சு சுட்டா, பிளேட்டுல ரெண்டு. ஸ்டீல்ல அஞ்சு சுட்டா, பிளேட்டுல அஞ்சும். என்னைத் திரும்பிப் பார்த்து "ஏங்க, இதுல என்ன யோசனை?"னு கேட்டா. ஒரு யோசனையும் இல்ல.

ஆட்டோமேட்டிக் சுட்டு பழகினவங்க ஒன்னு கவனிங்க: அதுல பிடிக்குற மாதிரி கட்டை விரலை முன்னாடி நீட்டாதீங்க. சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல இருக்குற சந்துலேர்ந்து சூடான கேஸ் பக்கவாட்டுல பீச்சும், விரல் அங்க இருந்தா கிழிச்சுடும். ரெண்டு கட்டை விரலும் சிலிண்டருக்கு பின்னாடி, ஒன்னு மேல ஒன்னு.

பழசு வாங்குறதா இருந்தா

நல்ல பழைய ஸ்டீல் ரிவால்வர் கம்மி விலைக்கு கிடைக்கலாம், ஆனா நாலு விஷயம் பாருங்க. காலியானு உறுதி பண்ணிட்டு டிரிகரை ரொம்ப மெதுவா இழுங்க, ஹேமர் விழுறதுக்கு முன்னாடி சிலிண்டர் "க்ளிக்"னு தன் இடத்துல பூட்டிக்கணும், ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியா இதைப் பாருங்க, ஒன்னு பிந்தினாலும் டைமிங் போச்சுனு அர்த்தம். டிரிகரை இழுத்து பிடிச்சபடியே சிலிண்டரை ஆட்டிப் பாருங்க, பக்கவாட்டுல துளி அசைவு இருக்கலாம், கடகடனு ஆடக் கூடாது. முன்னாடி பின்னாடி தள்ளினா நகரவே கூடாத மாதிரி இருக்கணும். சிலிண்டரைத் திறந்து சுத்தி விட்டு எஜெக்டர் ராடைப் (காலிக் கூட்டை வெளிய தள்ளுற கம்பி) பாருங்க, வளைஞ்சிருந்தா தள்ளாடுறது கண்ணுக்கே தெரியும். திருகோட தலை கிழிஞ்சிருந்தா யாரோ வீட்டுல வச்சு நோண்டியிருக்கான், வச்சுட்டு வந்துடுங்க.

படி 8: உறை, சைட், மாத்துத் தோட்டா

பாக்கெட்ல வெறுமனே போடவே கூடாது. டிரிகரை முழுசா மூடுற பாக்கெட் உறை, அந்த பாக்கெட்ல வேற எதுவும் இல்ல, சாவி இல்ல, சில்லறை இல்ல, மெந்தோபிளஸ் டப்பா இல்ல. முன் சைட் வெள்ளிக் கலர்ல இருந்தா வெயில்ல தெரியாது, ஆரஞ்சு கலர் நெயில் பாலிஷ் ரெண்டு கோட்டிங் அடிங்க, அடியில வெள்ளை அடிச்சுட்டு மேல ஆரஞ்சு. பொண்டாட்டி டப்பாவுல எடுத்தா கேட்டுட்டு எடுங்க.

மாத்துத் தோட்டாவுக்கு ஸ்பீட் ஸ்ட்ரிப்னு ரப்பர் பட்டை, தட்டையா இருக்குறதால பாக்கெட்ல தெரியாது. ரீலோடு பண்ணும்போது சின்ன ரிவால்வர்ல ஒரு தொல்லை உண்டு. எஜெக்டர் ராடு குட்டையா இருக்குறதால காலிக் கூடு முழுசா வெளிய வராது. முனையை வானத்தைப் பார்க்க வச்சு, உள்ளங்கையால ராடை ஒரே தட்டு, பலமா. மெதுவா அழுத்தினா ஒரு கூடு பாதி வந்து, ராடு முனையில கூட்டைத் தள்ளுற நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியில மாட்டிக்கும். முனை கீழ இருந்தா எரியாத மருந்துத் துகள் அந்த நட்சத்திரத்துக்கு கீழ விழுந்து, அடுத்த தடவை சிலிண்டரே மூடாது. ஒருநாள் எனக்கு அப்படி ஆகி, ரேஞ்சுல பக்கத்து லேன் தாத்தா சட்டைப் பையிலேர்ந்து பழைய டூத் பிரஷ் எடுத்து கொடுத்தாரு. நாலு தேய்ப்பு, சரியாயிடுச்சு. அன்னிலேர்ந்து என் பேக்லயும் ஒன்னு இருக்கு.

படி 9: பூட்டு

துப்பாக்கி வாங்குற அன்னிக்கே பெட்டியும் வாங்கணும், "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" கிடையாது. கடையில ஒரு கேபிள் பூட்டு தருவாங்க, சட்டப்படி தரணும், அது அலமாரியில வைக்க ஆகும், ராத்திரி அவசரத்துக்கு ஆகாது. நம்பர் அழுத்தினா ரெண்டு செகண்டுல திறக்குற சின்ன ஸ்டீல் பெட்டி, கட்டிலோட ஃப்ரேம்ல கேபிள் போட்டு மாட்டினது, இது தான் வேணும். டெக்சஸ்ல தோட்டா போட்ட துப்பாக்கியை எட்டுற மாதிரி விட்டு வச்சு, 17 வயசுக்கு கீழ உள்ள புள்ளை கையில அது கிடைச்சா உங்க மேல குற்றம். டிரிகர் அஞ்சரை கிலோ, குழந்தையால இழுக்க முடியாதுனு ஒருத்தர் சொன்னாரு. குழந்தை ஒத்தை விரலால இழுக்காதுங்க, துப்பாக்கியை தன் பக்கம் திருப்பி வச்சு ரெண்டு கட்டை விரலாலயும் அழுத்தும்.

நம்ம வீட்டுல இன்னொரு கோணமும் இருக்கு. ஊர்லேர்ந்து அம்மா அப்பா ஆறு மாசம் வந்து தங்குவாங்க, பீரோவை ஒழுங்கு பண்றேன்னு எல்லாத்தையும் எடுத்து வெளிய வைப்பாங்க. அவங்ககிட்ட பெட்டி இருக்குறதைச் சொல்லிடுங்க, நம்பரை சொல்லாதீங்க. வீட்டுல யாராவது மனசு சரியில்லாம இருந்தா, வேலை போயி, டிவோர்ஸ் நடந்து, இல்ல டீனேஜ் புள்ளை ரூமை விட்டே வராம இருந்தா, அந்தக் காலத்துக்கு துப்பாக்கி வீட்டுல இருக்கவே வேணாம். இந்த நாட்டுல துப்பாக்கியால சாகுறவங்கள்ல பாதிக்கு மேல தற்கொலை. எங்க சர்க்கிள்ல ஒரு ஃப்ரெண்டு லே ஆஃப் ஆன சமயத்துல அவனே போன் பண்ணி "டேய், கொஞ்ச நாள் இதை உன் சேஃப்ல வச்சுக்கடா"ன்னான். நாலு மாசம் இருந்துச்சு. நானும் ஒன்னும் கேட்கல, அவனும் ஒன்னும் சொல்லல. உங்க ஸ்டேட்ல அப்படி கைமாத்தி வைக்கறதுக்கு என்ன விதினு பார்த்துக்கோங்க, சில இடத்துல கடைக்காரரே வச்சுக்குவாரு.

படி 10: வாங்கினப்புறம்

ஒரு நாள் கிளாஸ், நேர்ல, ஒரு வாத்தியார்கிட்ட. வீடியோ பார்த்து கத்துக்கலாம்னு நினைக்காதீங்க, உங்க பிடி தப்புனு வீடியோவுக்கு தெரியாது. சட்டப் பாடமும் அதுலயே கேளுங்க, எப்ப எடுக்கலாம்ங்கறதை விட எப்ப எடுக்கவே கூடாதுங்கறது தான் அதுல பெரிய பாடம். அப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள் பத்து நிமிஷம் ட்ரை ஃபயர்: தோட்டா எல்லாம் வேற ரூம்ல, சிலிண்டரை ரெண்டு தடவை பார்த்து, ஸ்னாப் கேப் (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டு, பாதுகாப்பான ஒரு சுவர் பக்கம். இந்த கனமான டிரிகரை ரேஞ்சுல காசு கொட்டி பழகுறதை விட வீட்டுல சும்மா இழுத்து பழகுறது தான் கை கொடுக்கும். மாசம் ஒரு தடவை ரேஞ்சுல 50 ரவுண்டு, அதுல 40 வாட்கட்டரோ சாதா தோட்டாவோ, கடைசி 10 நிஜமா போட்டு வைக்கிறது. .38 விலை 9 எம்எம்மை விட கூடத்தான், அதை மாச பட்ஜெட்ல எழுதிடுங்க. துப்பாக்கியோட சீரியல் நம்பரை போட்டோ எடுத்து வைங்க, திருடு போனா போலீஸ் முதல்ல கேட்குறது அதைத்தான்.

கடைசியா, ரேஞ்சுக்கு எடுத்துட்டு போற பை ரேஞ்சுக்கு மட்டும் தான் போகணும். லேப்டாப் பேக், ஜிம் பேக், ஊருக்கு போற பேக் எதுலயும் தோட்டாவை ஒரு நிமிஷம்கூட போடாதீங்க. இங்க ஏர்போர்ட்ல பிடிச்சா ஃபைன், விசாரணை. அங்க சென்னையில இறங்கி, திரும்பி வரும்போது ஸ்கேனர்ல லைனிங் கிழிசலுக்குள்ள மாட்டின ஒரே ஒரு .38 தெரிஞ்சாலும் 1959 ஆயுதச் சட்டப்படி கேஸ், ஃப்ளைட் போயிடும், பாஸ்போர்ட் மாட்டிக்கும், "தெரியாம வந்துடுச்சு சார்"னு எத்தனை தடவை சொன்னாலும் ஸ்டேஷன்ல உக்காந்து தான் சொல்லணும். எங்க வீட்டு ரேஞ்ச் பேக்ல பொண்டாட்டி சிவப்பு ரிப்பன் கட்டி வச்சிருக்கா, ஊருக்கு டிக்கெட் போட்ட அன்னிக்கே அது கராஜ்ல மேல் ஷெல்ஃப்புக்கு போயிடும், திரும்பி வர்ற வரைக்கும் இறங்காது.